வாத்தியம் சொன்ன பிரார்த்தனை

சங்கீதத்தில் சொல் பெரிதா, நாதம் பெரிதா என்ற வழக்கு தீராதது. அந்த வழக்குக்கு நான் அழைக்கும் சாட்சி ஜான் கோல்ட்ரேன்; ஸாக்ஸபோன் வாசித்த அமெரிக்கக் கறுப்பர்.

1926-ல் வட கரோலினாவில் பிறந்தார். இருவழித் தாத்தாக்களும் பாதிரிமார். ஆனால் வாலிபத்தில் பேரனைப் பிடித்துக்கொண்டவை ஹெராயினும் குடியும். 1957-ல் அந்தப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் இடமிழந்தார். அதே வருஷம் இரண்டையும் உதறினார். கடவுளருளால் அப்போது தமக்கு ஒரு விழிப்பு உண்டாயிற்று என்று பின்னால் அவரே எழுதினார்.

அந்த அருளுக்கு நன்றிக்கடன்தான் 'எ லவ் சுப்ரீம்' என்ற இசைத்தட்டு. ஒப்பற்ற அன்பு என்று பொருள். 1964 டிசம்பர் 9-ந் தேதி நியூ ஜெர்ஸியில் மூன்று சகாக்களோடு பதிவு செய்தார். நான்கு பகுதிகள்; சுமார் 33 நிமிஷம். முதற்பகுதியில் நாலே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு தொடரை, பன்னிரண்டு சுருதிகளிலும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். எந்த வாசலில் நின்று அழைத்தாலும் அழைக்கப்படுகிறவன் ஒருவனே என்பதுபோல. பிறகு அந்தத் தொடரையே தலைப்புச் சொற்களாக வாயால் ஜபிக்கிறார்.

நான்காம் பகுதிக்கு 'ஸாம்' என்று பெயர். தமிழ் பைபிளில் அதற்குச் 'சங்கீதம்' என்பதே சொல். இங்கே தாளக்கட்டு இல்லை. முரசு தூரத்து இடிபோல் உருள, ஸாக்ஸபோன் மெல்லப் பேசுகிறது. ஆம், பேசத்தான் செய்கிறது. கோல்ட்ரேன் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருந்தது. லூயிஸ் போர்ட்டர் என்ற இசை ஆராய்ச்சியாளர் அதன் அசைகளை ஸ்வரங்களோடு ஒட்டிப் பார்த்துக் காட்டினார்: வாத்தியம் அந்தக் கவிதையையே அசை அசையாக ஓதுகிறது! கடவுளுக்கு நன்றி என்று வரும் இடங்களில் நாதம் ஒரேமாதிரி இறங்கி அடங்குகிறது. கறுப்பர் தேவாலயத்துப் பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் அது. தாத்தாக்களின் தொழில் பேரனின் மூச்சில் திரும்பியது.

முதற்பகுதியில் வாய்விட்டு ஜபித்தவர், முடிவில் ஏன் மௌனமானார்? வாய் சொல்லும் நன்றி, கேட்பவர் காதுக்காகவும் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்ளும். மூச்சாக மட்டும் வரும் நன்றிக்கு அந்தச் சபலம் இல்லை. ஆனாலும் அவர் எதையும் ஒளிக்கவில்லை. சொல்லை உறையிலும் நாதத்தைத் தட்டிலும் வைத்து, சேர்க்கும் பொறுப்பை நம்மிடம் விட்டார்.

1965-க்குப் பிறகு அவர் வாசிப்பு இன்னும் கட்டுகளை அறுத்துக்கொண்டது. பழைய ரசிகர்கள் பலர் விலகினார்கள். 1967 ஜூலை 17-ல் ஈரல் புற்றுநோயால் காலமானார். வயது நாற்பது. சொல்லும் நாதமும் ஒன்றையொன்று வெல்ல வேண்டியதில்லை என்பதே அவருடைய சாட்சியம்.