130-லிருந்து 268 குதிரைத்திறன்: மிட்-எஞ்சின் காரில் பெரிய எஞ்சின் மாட்டினால் என்ன ஆகும்?

1991-ல் அமெரிக்காவில் விற்ற டொயோட்டா எம்ஆர்2 ஸ்போர்ட்ஸ் காரின் சாதா மாடலில் இருந்தது 2.2 லிட்டர், 4 சிலிண்டர் எஞ்சின். அதன் சக்தி 130 குதிரைத்திறன். அதே டொயோட்டா 2007-ல் அங்கே கேம்ரி செடானில் வைத்த 3.5 லிட்டர் வி6 எஞ்சினின் சக்தி 268. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது: இந்த எஞ்சினைக் கழற்றி அந்த காரில் மாட்டினால் என்ன?

மாட்டியும் விட்டார்கள். கார் பிரியர்கள் 'எஞ்சின் ஸ்வாப்' என்று சொல்லும் இந்த வேலை, வீடியோக்களில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜத்தில் எஞ்சினை மாற்றுவது பாதி வேலைகூட இல்லை. ஏன் என்று பார்ப்போம். இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா என்பதையும் கடைசியில் பார்க்கலாம்.

மிட்-எஞ்சின் என்றால் என்ன?

நீங்கள் தினமும் பார்க்கும் பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால், பானெட்டுக்கு அடியில் இருக்கும். மிட்-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரில் அது சீட்டுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும்.

நீளமான கம்பின் இரு முனையிலும் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தபடி திரும்பிப் பாருங்கள், கஷ்டம். அதே வாளிகளை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் சட்டென்று திரும்பலாம். கனமான எஞ்சின் காரின் நடுப்பகுதியில் இருக்கும்போதும் இதுதான் நடக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும்.

வேறு காரின் எஞ்சின் எப்படிப் பொருந்துகிறது?

ரகசியம் கம்பெனிகள் செலவைக் குறைத்த விதத்தில் இருக்கிறது. மிட்-எஞ்சின் காருக்கென்று தனி எஞ்சினும் கியர்பாக்ஸும் வடிவமைத்தால் விலை எகிறும். அதனால் முன்சக்கரத்தை ஓட்டும் குடும்ப காரின் எஞ்சின்-கியர்பாக்ஸ் அமைப்பை அப்படியே எடுத்து, சீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். எம்ஆர்2-வும், 1984 முதல் 1988 வரை தயாரான பான்டியாக் ஃபியரோவும் இப்படித்தான் உருவாயின.

இதனால் ஒரு பக்க விளைவு. அந்த கம்பெனியின் மற்ற குடும்ப கார்களில் வந்த பெரிய எஞ்சினும் ஏறக்குறைய அதே இடத்தில் உட்காரும். டர்போ எம்ஆர்2-வில் வந்த கியர்பாக்ஸ் வகைதான் வி6 கேம்ரியிலும் வந்தது. போல்ட் துளைகள் பொருந்துவதற்குக் காரணம் அதுதான். லோட்டஸ் கம்பெனியே இந்த 3.5 லிட்டர் டொயோட்டா எஞ்சினை தனது எவோரா காரில், சீட்டுக்குப் பின்னால் வைத்து விற்றது.

எஞ்சின் உள்ளே போய்விட்டது. இனி?

கியர்பாக்ஸ்: டர்போ இல்லாத எம்ஆர்2-வின் கியர்பாக்ஸ் சிறிய எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. வி6-இன் முறுக்கு விசையை அது ரொம்ப நாள் தாங்காது. அதனால்தான் பலர் டர்போ மாடலின் கியர்பாக்ஸைத் தேடி வாங்குகிறார்கள். கிளட்ச், சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஒயரிங்: புதிய எஞ்சினில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது, பெடலிலிருந்து மின் சிக்னல்தான் போகும். ஆகவே பெடல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியு, சென்சார்கள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து வர வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரைச் சரிசெய்யாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட்கூட ஆகாது.

சூடு: ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே காரின் அடியில் நீளமான குழாய்கள். அதில் காற்றுக் குமிழி சிக்கினால் கூலன்ட் ஓட்டம் தடைபட்டு எஞ்சின் சூடேறும். எஞ்சின் அறைக்குள் எதிர்க்காற்று நேராக வராது என்பதால் எண்ணெய்க் கசிவும் ஆபத்து. 1984 ஃபியரோ கார்கள் சில தீப்பிடித்ததற்கு, எஞ்சின் உடைந்து சூடான எக்ஸாஸ்ட் மீது ஆயில் சிந்தியது ஒரு முக்கியக் காரணம். கம்பெனி கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

எடை: 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரில் 58% எடை பின்சக்கரங்கள் மீது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ கூடுதல் எடையுள்ள எஞ்சின் போட்டு, அந்த எடை மொத்தமும் பின்னால் விழுந்தால் அது கிட்டத்தட்ட 60% ஆகிவிடும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது டிரைவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின் டயர்களின் பிடி குறையும், கார் சுழன்றுவிடும். ஒரிஜினல் எஞ்சினோடு வந்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2-வுக்கே இந்தக் கெட்ட பெயர் உண்டு. டொயோட்டா பிறகு சஸ்பென்ஷனையும் டயரையும் மாற்றியது. 2007 கேம்ரியின் வி6-க்கு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அதன் பிளாக் அலுமினியம். எம்ஆர்2-வின் பழைய எஞ்சின் பிளாக் இரும்பு.

பிரேக்: இதைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்தத் தேவையான ஆற்றலோடு ஒப்பிட்டால், 140 கி.மீ.-ல் கிட்டத்தட்ட 2 மடங்கு தேவை. வேகம் 40% தான் கூடியது; பிரேக்கின் வேலை இரட்டிப்பாகிவிட்டது. பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுவது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

கம்பெனியே செய்தால்?

லோட்டஸ் எக்ஸீஜில் முதலில் 1.8 லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. 2012-ல் வி6 போட முடிவெடுத்தபோது, முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தையே 2,300 மி.மீ.-லிருந்து 2,370 மி.மீ. ஆக்கினார்கள். காரின் எடையும் 200 கிலோவுக்கு மேல் கூடியது. சொந்த இன்ஜினியர்களும் சோதனை ட்ராக்கும் உள்ள கம்பெனிக்கே இவ்வளவு மாற்றம் தேவைப்பட்டது.

இந்தியாவில் செய்யலாமா?

சாலையில் ஓட்டுவதற்கு என்றால், கிட்டத்தட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாறுவதற்கு மட்டும் சட்டத்தில் தனி வழி இருக்கிறது.

மீறினால்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

எஞ்சின் பழுதாகி அதே வகை எஞ்சினை மாட்டுவது வேறு விஷயம். அப்போதும் எஞ்சின் எண் மாறும் என்பதால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.-யில் பதிவு செய்ய வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஆர்.சி.-யில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால், முந்தைய ஓனர் செய்த மாற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.