குரு என்னும் சொல்லின் பயணம்

வடமொழியில் குரு என்னும் சொல்லுக்கு முதற்பொருள் பாரமுடையது என்பதாகும். வடமொழி யாப்பைக் கற்றோர், நெடிதாய் ஒலிப்பதைக் குரு என்றும் குறிதாய் ஒலிப்பதை இலகு என்றும் வழங்குவதை அறிவர். இருளை நீக்குபவர் என்று உபநிடத வழியாகப் பரவிய பொருள் அழகியதே. ஆயினும் சொற்பிறப்பு ஆராய்வோர் அதனை ஏற்பதில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திலே எழுத்தறிவித்தவரைச் சட்டம்பியார் என்றும் உபாத்தியாயர் என்றும் அழைத்தனர். குரு என்னும் சொல்லைப் பெரும்பாலும் சமய தீட்சை அளித்தவருக்கே உரியதாக வைத்திருந்தனர். இன்றோ, உலகின் பெருநகரங்களில் யோகாசனம் பயிலும் மாணவரின் நாவில் அச்சொல் எளிதாகப் புழங்குகின்றது. அவர்கள் அதனால் எதனைக் குறிக்கின்றனர்?

விடை தேடுவோர் மைசூருக்குச் செல்லவேண்டும். அங்கே 1933ஆம் ஆண்டில், மகாராசா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன அரண்மனையிலே ஒரு யோகசாலை திறக்கப்பட்டது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இற் பிறந்த இவர், இமயத்துக்கு அப்பால் இராமமோகன பிரமசாரி என்பவரிடம் ஏழாண்டுக்கு மேல் பயின்றதாகவும், இல்லறத்தில் வாழ்ந்து யோகத்தைப் பரப்புவதே தம் குரு கேட்ட தட்சிணை என்றும் கூறுவார். இவ்வரலாற்றுக்கு அவர் வாய்மொழியன்றி வேறு சான்று கிடைத்திலது. ஆயினும் குருவை இவர் எவ்வாறு கருதினார் என்பதற்கு அவ்வாய்மொழியே போதும். கடன்பட்டவனாகவே மாணவன் வெளியேறுகின்றான். அக்கடனை வாழ்நாள் முழுவதும் தீர்க்கின்றான்.

அத்தகையவர் மைசூரிலே அரண்மனைச் சம்பளம் பெறும் ஆசிரியரானார். சம்பளம் பெறும் குரு என்பதை நம் முன்னோர் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். நானும் மாதச் சம்பளம் பெற்றுக் கற்பிப்பவனாதலால் நகைக்கத் துணியேன்.

1930களின் பிற்பகுதியில், ரீகா நகரிற் பிறந்த ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். பெண்ணென்றும் அந்நியரென்றும் அவரை ஆசிரியர் மறுத்தார். மகாராசா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். குருவே சீடனைத் தெரிந்தெடுப்பார் என்னும் பழைய நியதி அரசனுடைய சொல்லுக்கு இணங்கியது அந்நாளிலேதான். அப்பெண்மணியே இந்திரா தேவி. ஹொலிவூட்டில் யோக நிலையம் திறந்த அவரை, மாணவர்கள் பின்னாளில் மாதாஜி என்றழைத்தனர்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி. கே. எஸ். ஐயங்கார் 1934இல், நோயினால் நலிந்த சிறுவராய், அவர் இல்லத்தை அடைந்தார். கண்டிப்பு அங்கே மிகுதி, நேரிற் கற்பித்த நாள்களோ மிகச் சில என்று ஐயங்கார் பின்னாளிற் சொன்னதுண்டு. 1937இல் குருவின் ஆணைப்படி புனாவுக்குச் சென்று, தம் உடலையே ஏடாகக்கொண்டு கற்றார். 1952இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அவரைச் சந்தித்தார்; முதுகும் தோளும் நொந்திருந்த அக்கலைஞர் பயன் கண்டு, தம்முடைய சிறந்த வயலின் ஆசிரியர் இவரே என்னும் கருத்துப் பொறித்த கைக்கடிகாரமொன்றைப் பரிசளித்தார். மேனாட்டு மாணவருடைய மனம் இதிலே தெளிவாகத் தெரிகின்றது. அவர் வேண்டியது முத்தியன்று. வில்லைப் பிடிக்கும் கைக்கு இலகு வேண்டினார். அதனை அளித்தவரை நன்றியோடு போற்றினார். இதிலே குறைகாண எனக்கு மனமில்லை.

மைசூரிலேயே தங்கிய மாணவர் பட்டாபி ஜோயிஸ் வழியில் அச்சொல் வேறு திசையிற் சென்றது. 1960கள் தொடக்கம் வெளிநாட்டார் அவரைத் தேடி வந்து குருஜி என்றழைத்துக் காலில் விழுந்து வணங்கினர். 2009இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகள் சென்றபின், அவரிடம் பயின்ற பெண்கள் பலர், ஆசனத்தைத் திருத்துவதாகச் சொல்லித் தம்மைத் தகாத முறையிலே தொட்டார் என்று வெளிப்படையாகக் கூறினர். 2019இல் அவருடைய பேரரும் வாரிசுமான சரத் ஜோயிஸ், அதனால் வருந்தியோரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். குரு என்னும் சொல்லை இனி வேண்டாமென்று பலர் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நான் எண்ணுவது இது: பழைய நாளிலே சீடன் ஆண்டுக்கணக்காகக் குருவின் இல்லத்தில் வாழ்ந்தான், குரு எத்தகையவர் என்பதை அவனும் கண்டான், ஊரும் கண்டது. அக்காலத்திலும் தீங்கு நிகழவில்லை என்று எவரும் சாதிக்க முடியாது. ஆயினும், ஒரு மாதம் தங்கிச் செல்லும் மாணவர், காணும் வாய்ப்பு எதுவுமின்றிப் பணிவை மட்டும் முழுமையாகக் கொடுத்துவிடுகின்றார். யோகத்திலே ஆசிரியரின் கை மாணவரின் உடலைத் தொடுகின்றது. ஆதலால் அங்கே பணிவின் விலை ஏட்டுக் கல்வியிலும் பெரிது.

பணிவுக்கு மாற்றாகப் பத்திரம் வந்தது. 1999இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற யோகா அலையன்ஸ் என்னும் சங்கம், 200 மணி நேரப் பயிற்சியை ஆசிரியராகப் பதிவு பெறுவதற்கு அளவாக வகுத்தது. மணிக்கணக்கிலே குருத்துவமா என்று கேலி செய்வோர் உளர். பாடசாலை நிருவாகம் அறிந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: பத்திரம் ஒருவரின் குணத்தைக் காட்டாது, ஆனால், முறைப்பாடு செய்ய ஓர் இடம் உண்டென்பதைக் காட்டும்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரியார் பொறியியல் கற்றவர். 1960களில் அவரிடம் ஆசனம் பயில வந்த மாணவர் யாரெனில், ஜே. கிருஷ்ணமூர்த்தி! குருவே வேண்டாமென்று 1929இல் தமக்கென அமைந்த சங்கத்தையே கலைத்தவர், தம்மினும் நாற்பத்துமூன்று ஆண்டு இளையவர் முன்னே மாணவராய் நின்றார். அவர்கள் இருவரிடையே அச்சொல்லுக்குத் தேவையே எழவில்லை. தேசிகாச்சாரியார் 1976இல் சென்னையிலே தந்தையார் பெயரால் யோக மந்திரத்தை நிறுவினார்; 1989இல் தந்தையார் நூறு வயது கடந்து மறையும் வரை, அவர் முன்னமர்ந்து பாடங்கேட்டுக்கொண்டே இருந்தார்.