38 வருஷம் கழிச்சு வந்த நாலாவது தொகுதி

போன எபிசோட் வந்து 14 மாசம் ஆச்சு. நடுவுல சில பேர் மெசேஜ் போட்டு, "என்னாச்சு ப்ரோ, நிறுத்திட்டீங்களா?"ன்னு கேட்டீங்க. நான் பதில் போடல. என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாததுதான் காரணம். அதை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் வரலாற்றுக்குப் போறேன்.

முதல் மூணு மாசத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. ஆபீஸ்ல ஒரு பெரிய ரிலீஸ். அது முடியறதுக்குள்ள அப்பாவுக்கு பைபாஸ். ஸ்கிரிப்ட் எழுத நேரமும் இல்ல, மனசும் இல்ல. ஆனா அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். பழையபடி காலைல வாக்கிங் போக ஆரம்பிச்சு, "ஏன்டா, உன் ரேடியோ புரோகிராம் என்னாச்சு?"ன்னு என்னையே கேக்கற அளவுக்குத் தேறிட்டார். அப்பவும் நான் எழுதல. மீதி 11 மாசமும் எழுதாம இருந்ததுக்குக் காரணம் வெறும் வெட்கம்தான். இவ்வளவு நாள் கழிச்சு வர்றோம், சாதாரணமா வரக்கூடாது, பெருசா ஏதாவது கொண்டு வரணும்னு தோணும். அந்தப் "பெருசு" மாசா மாசம் இன்னும் பெருசாகும். கடைசியில ஃபைலைத் திறக்கவே கை வராது.

எழுதறது, வரையறது, பாட்டு கத்துக்கறது, எதையாவது பாதில விட்டவங்களுக்கு இது புரியும்.

அந்த நாட்கள்ல நான் திரும்பத் திரும்பப் படிச்சது ஒரு எழுத்தாளரோட கதையை. தன் புத்தகத்தின் மூன்றாவது தொகுதியை 1973-ல் வெளியிட்டவர். நான்காவது தொகுதியின் முதல் பாகம் வெளிவந்தது 2011-ல். நடுவில் 38 வருஷம். அவர் பெயர் டொனால்ட் கனூத். புத்தகத்தின் பெயர் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்'. கோடிங் தெரியாதவங்க பயப்பட வேண்டாம், இன்னைக்கு அல்காரிதம் பாடம் எடுக்கப் போறதில்லை. எழுதறதை நிறுத்தின ஒருத்தர் எப்படித் திரும்பி வந்தார்ங்கறதுதான் கதை.

1962. கனூத்துக்கு 24 வயசு. கலிபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தில் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவர். அடிசன்-வெஸ்லி பதிப்பகம் கம்பைலர்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தரச் சொன்னது. ஒரே புத்தகம், 12 அத்தியாயம் என்று திட்டம் போட்டு கையெழுத்துப் போட்டார். 1965-ல் 12 அத்தியாயங்களின் முதல் வரைவும் தயார். எவ்வளவு தெரியுமா? கையால் எழுதிய 3,000 பக்கங்கள்.

இங்கே ஒரு கணக்குப் பிழை. கையால் எழுதிய ஐந்து பக்கம் அச்சில் ஒரு பக்கம் ஆகும் என்று கனூத் நினைத்திருந்தார். அப்படியென்றால் மொத்தம் 600 பக்கம். உண்மையில் ஒன்றரைப் பக்கமே ஒரு அச்சுப் பக்கத்தை நிரப்பிவிடும் என்று பதிப்பகம் சொன்னது. புத்தகம் 2,000 பக்கத்தைத் தொட்டது. உலகத்துலயே பெரிய அல்காரிதம் நிபுணரோட எஸ்டிமேட்டே மூணு மடங்குக்கு மேல தப்பு. ஸ்பிரிண்ட் பிளானிங்ல உட்காரும்போதெல்லாம் எனக்கு இது பெரிய ஆறுதல்.

அந்த ஒரு புத்தகத்தை ஏழு தொகுதிகளாகப் பிரிப்பது என்று முடிவானது. முதல் தொகுதி 1968, இரண்டாவது 1969, மூன்றாவது 1973. அந்த வேகத்துக்கு அவர் உடம்பும் விலை கொடுத்தது. 1967-ல், 29 வயசில், வயிற்றுப்புண் வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். 1974-ல் கணினித் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் விருது கிடைத்தது. அப்போது வயது 36. எல்லாரும் நாலாவது தொகுதிக்குக் காத்திருந்தார்கள். அவரும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

1977-ல் பதிப்பகத்திலிருந்து ஒரு கட்டு ப்ரூஃப் வந்தது. இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்பு. முதல் பதிப்பு பழைய முறையில், ஈயத்தை உருக்கி வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சானது. பக்கங்கள் பார்க்க அவ்வளவு அழகு. இடைப்பட்ட காலத்தில் அச்சுத் தொழில் மாறி, போட்டோ முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. புதிய ப்ரூஃபைப் பார்த்த கனூத்துக்கு மனசு உடைந்தது. இத்தனை வருஷ உழைப்பு இப்படி அசிங்கமாக அச்சாகப் போகிறது என்றால் எழுதுவதற்கே விருப்பம் இல்லாமல் போனது.

அதே சமயத்தில், கணினி மூலம் அச்சுக்கோத்த வேறொரு புத்தகத்தின் பக்கங்களும் அவர் கண்ணில் பட்டன. அவை நன்றாக இருந்தன. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அச்சுப் பக்கம் என்பது கோடிக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மை இருக்கும், அல்லது இருக்காது. அதாவது 1 அல்லது 0. இது என் ஏரியாவாச்சே!

1977 மே மாதம், நாலாவது தொகுதியை ஓரமாக வைத்துவிட்டு, அச்சுக்கோப்புக்கு ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் விடுப்பில் முடித்துவிடலாம் என்று நினைப்பு. அந்த மென்பொருள்தான் டெக். காலேஜ்ல புராஜெக்ட் ரிப்போர்ட்டை லேடெக்ஸில் போட்டவங்க இருப்பீங்க. அந்த லேடெக்ஸ் டெக்கின் மேல் கட்டியது. ஒரு வருஷம் என்று நினைத்த வேலை கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. எழுத்துருக்களை வரைய மெட்டாஃபாண்ட் என்று இன்னொரு மென்பொருள் வேண்டியிருந்தது. 1981-ல் இரண்டாம் தொகுதி டெக்கிலேயே அச்சாகி வந்தபோது, கையில் எடுத்துப் பார்த்தவருக்கு மறுபடியும் ஏமாற்றம். நினைத்த அழகு வரவில்லை. டெக், மெட்டாஃபாண்ட் இரண்டையுமே திரும்ப முதலிலிருந்து எழுதினார். தான் செய்த தவறுகளை ஒன்று விடாமல் குறித்து வைத்து, 1989-ல் கட்டுரையாகவே வெளியிட்டார். 850க்கும் மேற்பட்ட பிழைகள்!

இதைப் படிச்சப்போ நான் சிரிச்சேன். ஏன்னா நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யற வேலை இது. பிளாக் எழுதணும்னு உட்காருவோம். தீம் பிடிக்காது. நாமளே ஒண்ணு செய்வோம்னு ஆரம்பிப்போம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா பிளாக் இன்ஜின் இருக்கும், ஒரு போஸ்ட் கூட இருக்காது. கனூத்தும் அதே பள்ளத்தில்தான் விழுந்தார். ஆனால் அவர் வெளியே வந்த விதத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டெக்கை அவர் ஒரு கட்டத்தில் *முடித்தார்*. இனி புதிய வசதிகள் கிடையாது, பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன் என்று அறிவித்தார். அதற்கு ஏற்ற மாதிரி பதிப்பு எண்ணையும் வைத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற எண்ணின் அடுத்த இலக்கம் சேரும்: 3.1, 3.14, 3.141 என்று. 2021-ல் வந்த பதிப்பு 3.141592653. தன் மரணத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிட வேண்டும், மிச்சம் இருக்கும் பிழைகள் எல்லாம் அம்சங்களாக ஆகிவிடும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கதவைச் சாத்தினது அவர் திரும்பி வந்ததில் முதல் படி.

இரண்டாவது படி, நேரம். 1990 ஜனவரி 1 முதல் கனூத் மின்னஞ்சலை நிறுத்தினார். கவனிங்க, நம்மில் நிறைய பேர் பிறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் ஈமெயில் பார்த்துச் சலிச்சுட்டார்! எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்களுக்கு மின்னஞ்சல் தேவை, என் வேலை அடி ஆழத்துக்குப் போவது என்பது அவர் வாதம். மிச்சத்தை முடிக்கக் குறைந்தது 20 வருஷ முழுநேர உழைப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1993-ல், 55 வயசிலேயே ஸ்டான்ஃபோர்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

இங்கே நேர்மையா ஒண்ணு சொல்லணும். இது எல்லாராலும் முடியாது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர், டூரிங் விருது வாங்கினவர், வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுக்க ஒரு செயலர் வைத்திருந்தவர் செய்தது அது. ஹோம் லோன் இ.எம்.ஐ. கட்டற நான் ஸ்லாக்கை மூடிட்டா திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. அதனால இந்தப் படியைத் தாண்டி மூன்றாவது படிக்கு வர்றேன். எனக்கு உதவினது அதுதான்.

ஓய்வு பெற்ற கனூத் நேராக நாலாவது தொகுதியை அச்சுக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் பழைய மூன்று தொகுதிகளையும் எடுத்துத் திருத்தினார். 1997-லும் 1998-லும் அவற்றின் புதிய பதிப்புகள் வந்தன. 1977-ல் அவர் ஆசைப்பட்ட அழகோடு, அவருடைய டெக்கிலேயே அச்சானவை. பிறகு, நாலாவது தொகுதியை மொத்தமாக எழுதி முடித்து வெளியிடும் எண்ணத்தை விட்டுவிட்டு, சின்னச் சின்னப் புத்தகங்களாக வெளியிட்டார். 2005-லிருந்து வந்த அந்தப் பகுதிகளில் சில 120 பக்கம், சில 150 பக்கம். நம்ம வார இதழ் தொடர்கதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆனால் அடுத்த அத்தியாயம் அடுத்த வாரம் வராது, அடுத்த வருஷம் வரலாம். 2006-ல் புற்றுநோய் சிகிச்சை எடுத்துக்கொண்ட காலத்தையும் தாண்டி இது தொடர்ந்தது.

சின்னப் பகுதி என்றால் வாசகரும் உடனே படித்துத் தவறு சொல்லலாம். அவர் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவது கனூத்தின் பழைய வழக்கம். அது ஏன் 2.56? 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் 100. அதாவது ஒரு "ஹெக்ஸாடெசிமல் டாலர்". அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் நிறைய பேர். வங்கி மோசடிக்குப் பயந்து 2008-ல் நிஜக் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்ப ஆரம்பித்தார். நமக்குத் தவறு என்றாலே பயம். அவருக்கோ தவறுதான் வாசகரோடு பேச ஒரு சாக்கு.

2011-ல் அந்தப் பகுதிகள் ஒன்றுசேர்ந்து தொகுதி 4-ஏ ஆனது, கிட்டத்தட்ட 900 பக்கம். 2022-ல் 4-பி, 700 பக்கத்துக்கு மேல். அப்போது அவருக்கு வயது 84.

இப்போ நான் ரொம்ப யோசிச்ச விஷயம். 4-ஏ தொகுதியில் பைனரி டிசிஷன் டயகிராம் என்று ஒரு பெரிய பகுதி வருகிறது. ஆம்-இல்லை கேள்விகளை ஒன்றோடொன்று கோத்து, ஏராளமான விடைகளைச் சின்ன இடத்தில் அடக்கி வைக்கும் ஒரு வழி என்று சுருக்கமாகச் சொல்லலாம். கனூத்துக்கு அதில் அவ்வளவு பிரியம். ஆனால் அது பரவலானதே ராண்டல் பிரையன்ட் 1986-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான். 4-பி தொகுதியில் பாதிக்கு வரும் சாட் சால்வர்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் 1990-களுக்குப் பிறகு. 1977-ல் அந்த ப்ரூஃப் அழகாக வந்திருந்தால், நாலாவது தொகுதி சீக்கிரமே வெளிவந்திருக்கும். இவை எதுவும் அதில் இருந்திருக்காது.

அதுக்காக இடைவெளி நல்லதுன்னு நான் சொல்ல வரல. அந்த வருஷங்களுக்கு விலையும் உண்டு. நாலாவது தொகுதியே இன்னும் முழுசா முடியல. அஞ்சு, ஆறு, ஏழு வரிசையில நிக்குது. 24 வயசுல போட்ட திட்டம் முழுசா முடியாமலே போகலாம்னு அவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் அடுத்த பகுதியை எழுதறார்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். நான் 14 மாசமா விட்ட இடத்துல இருந்து தொடரப் பார்த்தேன். அந்த இடம் இப்போ அங்க இல்ல. அப்போ எழுத நினைச்ச தலைப்பு பழசாயிடுச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல ராத்திரி உட்கார்ந்திருந்த பிறகு நானும் அதே ஆள் இல்ல. கனூத்தும் 1977-ல் வைத்த புள்ளியிலிருந்து தொடரவில்லை. மாறிப்போன துறைக்குள்ள, வயசான ஒருத்தரா வந்தார். முதல்ல பழசைத் திருத்தினார், அப்புறம் 120 பக்கம் எழுதினார்.

அதனால போன மாசம் நான் புது ஸ்கிரிப்ட் எதுவும் ஆரம்பிக்கல. பழைய எபிசோட் ஒண்ணோட எழுத்து வடிவத்தைத் திறந்து, அதுல ஒரு வருஷத்தைத் தப்பா சொல்லியிருந்ததைத் திருத்தினேன். அவ்வளவுதான் அன்னைக்கு. மறுநாள் இன்னொரு பத்தி. கிண்டில மெட்ரோ ஏறி ஆபீஸ் ஸ்டேஷன்ல இறங்கற வரைக்கும் போன்ல எழுதினது. இன்னைக்கு நீங்க கேட்ட இந்த எபிசோட் அப்படி எழுதினதுதான். நான் நினைச்ச அந்தப் "பெரிய" எபிசோட் இது இல்ல. அது வரவே வராதுன்னு இப்போ தெரியுது.

அப்பா இதைக் கேட்டுட்டு நீளம் ஜாஸ்தின்னு சொல்வார், பரவாயில்ல.

இதுல ஏதாவது தவறு இருந்தா எழுதுங்க. 2.56 டாலர் கட்டுப்படியாகாது, ஆனா முதல்ல சொல்றவங்களுக்கு 2 ரூபாய் 56 காசு ஜிபே பண்றேன். சத்தியமா. அடுத்த எபிசோட் சின்னதா இருக்கும்.