ஏஜென்டும் கராச்சும்: வாவிக் கரையில் வாகனத் திருத்தத்தின் கதை

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாகனம் பழுதானால் கொண்டுபோக இன்று இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அதை விற்ற கொம்பனியின் ஏஜென்ட் நடத்தும் சேர்விஸ் நிலையம். மற்றது வீதியோரக் கராச். எங்கே கொடுத்தால் காசு மிஞ்சும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இங்கே மிகப் பிந்தி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏஜென்ட் 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருந்தார்; வாவிக் கரையில் கராச் மட்டுமே இருந்தது. இருப்பதைக் கொண்டு திருத்தும் கைவழக்கம் இப்பகுதியில் தூரத்தாலும் இறக்குமதித் தடையாலும் போராலும் வளர்ந்தது. சிக்கனக் கணக்கு அதன்மேல் பிறகு ஏறியது.

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902இல் வந்தது. அதை அடுத்து வாகன வணிகத்தைக் கையில் எடுத்த நிறுவனங்களிற் சில தோட்டங்களை நம்பிப் பிறந்தவை. வோக்கர் சன்ஸ் 1854இல் கண்டியிலும் பிரவுண் கொம்பனி 1875இல் ஹட்டனிலும் தொடங்கின. கோப்பி, தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பார்த்துவந்த பட்டறைகளுக்கு மோட்டார் வாகனம் அடுத்த படி. பின்னர் டீசல் அன்ட் மோட்டார் என்ஜினியரிங் (1939), யுனைட்டட் மோட்டர்ஸ் (1945), அசோசியேட்டட் மோட்டர்வேஸ் (1949) ஆகியவை கொழும்பில் எழுந்தன. நெல்லும் தென்னையும் மீனுமாக வாழ்ந்த கிழக்குக் கரையில் துரைமாரின் பங்களாக்கள் இல்லை, கார்களும் குறைவு. ஏஜென்டுகள் இந்தப் பக்கம் அவசரப்பட்டு வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கல்லடியில் லேடி மனிங் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. கொழும்பில் வாங்கிய உதிரிப்பாகம் ரயிலில் ஏறி வந்துசேர வழி பிறந்தது. கார் போய்த் திருத்தப்படுவதற்குப் பதிலாகச் சாமான் வந்து கார் திருத்தப்படும் முறை அங்கே வேர்விட்டது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் நிலை வேறு. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து அதைப் பிரிக்கிறது. மண்முனையில் பாலம் 2014இல்தான் அமைந்தது. அதுவரை அங்கே உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் படகுப் பாதையில் ஏற்றப்பட்டே வாவியைக் கடந்தன. ஓடாத வண்டியைப் படகுப் பாதையில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. சாவிப் பெட்டியோடு மெக்கானிக் அக்கரை போவது அதைவிட எளிது. மண்டூரை நோக்கிய குருமண்வெளித் துறை போன்ற இடங்களில் படகுப் பாதை அதன் பிறகும் தொடர்ந்தது.

இந்த மெக்கானிக்குகளுக்குத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் ஒரு பெரிய ஊற்று. அப்போது அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1961இல். இங்கினியாகலை அணையைக் கட்டிய அமெரிக்க நிறுவனமான மொரிசன் நூட்சன் மண்வெட்டும் பார இயந்திரங்களைக் காட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியது. அவற்றைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும் ஆட்களும் வேண்டியிருந்தன. அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் 1956இல் தோன்றியது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. ஓர் ஆலை ஓடுவதற்கு ஃபிட்டரும் லேத்காரரும் வெல்டரும் இன்றியமையாதவர்கள். 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கொம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது டிப்போ என்ற இன்னொரு பள்ளிக்கூடமும் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் சபையின் தேவைக்காகவே இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. மட்டக்களப்பு நகரில் இயேசு சபையார் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் இங்கே சொல்ல வேண்டும்.

இவ்வளவு நிறுவனங்கள் இருந்தும், பெரும்பாலானோர் தொழில் படித்தது கராச்சில்தான். பொடியனாகச் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுத்து, மண்ணெண்ணெயில் சாமான் கழுவி, சில ஆண்டுகளில் இன்ஜினில் கை வைக்கும் உரிமை பெறுவது வழக்கம். சான்றிதழ் கிடையாது. எந்தக் கராச்சில் யாரிடம் பழகினான் என்பதே தகுதி.

கராச்சை உண்மையில் நிலைநிறுத்தியது 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி. வாகன இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரையிலான மூடிய பொருளாதாரத்தில் புதிய கார் காண்பதே அரிதாயிற்று. நாட்டிலிருந்த ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், ஹில்மன், பேஜோ கார்களும் பெட்போர்ட் லொறிகளும் இருபது முப்பது ஆண்டுகள் ஓடியே தீரவேண்டியிருந்தன. தேய்ந்ததைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுவதுதான் எந்த ஏஜென்டின் முறையும். பூட்டுவதற்குப் புதியது இல்லாத காலத்தில் அந்த முறைக்கு வேலையில்லை. சிலிண்டர் தேய்ந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். அதற்கும் மேல் தேய்ந்தால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். புஷ்ஷை லேத்தில் பித்தளையிற் கடைந்தார்கள். உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டவைத்தார்கள். காஸ்கட்டைத் தாளில் வெட்டினார்கள். ஒரு வண்டியின் கார்புரேட்டர் இன்னொரு வண்டியில் ஏறியது. லேத் பட்டறை, வெல்டிங் கடை, டிங்கர், பெயின்டர், பற்றரிக்காரர், டைனமோ சுற்றுபவர் என்று வேலை பிரிந்து, கராச்சைச் சுற்றி ஒரு தெருவே உருவானது. திருத்தச் செலவு குறைந்ததன் இரகசியம் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது: வண்டிக்காரன் தனக்கு வேண்டிய வேலைக்கு மட்டும் கூலி கொடுத்தான்; பளிங்குத் தரைக்கும் காசாளர் மேசைக்கும் கொடுக்கவில்லை.

டிங்கர் வேலைக்கு வாவியும் கடலும் தனியாகத் தொழில் கொடுத்தன. கல்லடியிலிருந்து கல்லாறு வரை எழுவான்கரை என்பது ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமான ஒடுங்கிய மணல் நிலம். உப்புக்காற்று தகட்டைத் தின்னும். இன்ஜின் நன்றாக இருக்கும்போதே கதவின் அடிப்பாகமும் மட்காட்டும் போய்விடும். முழுக் கதவையே மாற்றுவதுதான் கொம்பனியின் வழி. டிங்கர் துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டி, பேஸ்ட் பூசி இழைத்துவிடுவார். சில ஆண்டுகளில் அது மீண்டும் துருப்பிடிக்கும் என்பது டிங்கருக்கும் வண்டிக்காரருக்கும் தெரியும்.

1977இன் பிற்பகுதியில் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பானில் ஓடிய பழைய வாகனங்கள் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் வந்து குவிந்தன. ஹயேஸ் வானும் எல்ஃப் லொறியும் கிழக்கின் வீதிகளை எடுத்துக்கொண்டன. இவை ஏஜென்ட் விற்றவை அல்ல. தயாரிப்பாளரின் உத்தரவாதமும் இல்லாதவை. ஆகவே வந்த நாளிலிருந்தே கராச்சின் பிள்ளைகள். கொழும்பு பஞ்சிகாவத்தை இவற்றின் சாமான் சந்தையாகப் பெருத்தது; அங்கிருந்து ரயிலிலும் லொறியிலும் இன்ஜினும் கியர்பெட்டியும் மட்டக்களப்புக்கு வந்தன. ஒரே பாகத்துக்குப் பல விலைகள் பிறந்ததும் இக்காலத்தில்தான். ஜெனுவின், ஜப்பான், தாய்வான், இந்தியா, சைனா என்று கடைக்காரர் கேட்பார். அதற்குக் கீழே ‘செகண்ட்ஹாண்ட்’ இருந்தது. பெயர்பெற்ற மெக்கானிக்குகள் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் மலிவுச் சாமான் பூட்ட மறுப்பார்கள். முன்விளக்குக் கண்ணாடிக்கு எந்த நாட்டுச் சாமானும் சரி என்பார்கள். இந்த வேறுபாடு அறிந்தவருக்கே மலிவு மலிவாக இருந்தது.

உள்நாட்டுப் போர் இதையெல்லாம் இன்னும் இறுக்கியது. 1990க்குப் பின் நகரமும் எழுவான்கரையும் அரச கட்டுப்பாட்டிலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. வலையிறவுப் பாலத்தருகே வவுணதீவிலும் மண்முனைத் துறையிலும் சோதனைச் சாவடிகள். எரிபொருளும் பற்றரியும் கடப்பது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை எல்லாரும் அறிந்தது. படுவான்கரையில் அதே நெருக்கடியை உழவு இயந்திரங்களும் ‘லேண்ட்மாஸ்டர்’ எனப்படும் இரு சக்கர உழவு இயந்திரங்களும் சந்தித்தன. வேளாண்மை வெட்டும் காலத்தில் உழவு இயந்திரம் நின்றால் நெல் வயலில் கிடக்கும். கூலியும் அந்தக் காலத்தையே பார்த்திருந்தது: விதைப்புக்கு முன் செய்த வேலைக்கு அறுவடையில் காசு. எந்த ஏஜென்டும் இப்படிக் கடன் கொடுத்ததில்லை. கடன் கராச்சின் விலையை மட்டுமல்லாமல் வாடிக்கையாளரையும் கட்டிப்போட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய பாக்கி இருக்கும்போது வேறு இடத்தில் விலை கேட்பது கடினம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்களின் டபுள்கெப்களும் லேண்ட் குரூசர்களும் வீதியை நிரப்பின. அவை பில்லும் பதிவேடும் கேட்டன. 2007இல் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்கு வந்து, 2009இல் போர் முடிந்து, வீதிகள் அகலமாகி, கல்லடியில் 2013இல் புதிய பாலமும் வந்தது. லீசிங் கொம்பனிகள் கடை திறந்தன. பஜாஜ் ஓட்டோவும் இந்திய மோட்டார் சைக்கிள்களும் தவணைக்கு வீடு வந்தன. கூடவே இலவச சேர்விஸ் கூப்பனும் உத்தரவாதப் புத்தகமும் வந்தன. வாவிக் கரையில் ஏஜென்டுக்கும் கராச்சுக்கும் நேரடிப் போட்டி அன்றுதான் தொடங்கியது.

போட்டியின் கணக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. உத்தரவாதக் காலத்தில் வண்டி கொம்பனிக்கே போகும். கூப்பன் தீர்ந்ததும் மரத்தடிக் கராச்சுக்கு வரும். கொம்பனியில் வேலைக்கு நிர்ணயித்த நேரத்தின்படி கூலியும் ஜெனுவின் சாமான் விலையும் ஒரே பில்லில் சேரும். கராச்சில் சாமானை வண்டிக்காரரே வாங்கிக் கொடுத்து, கூலியை முன்கூட்டிப் பேசிக்கொள்ளலாம்; கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் பூட்டிய சாமான் ஒரு மாதத்தில் போனால், குற்றம் சாமானிலா கையிலா என்ற வழக்குத் தீராது. கொம்பனி பில் அந்த வழக்கைத் தவிர்க்கிறது. அதன் கூடுதல் விலையில் ஒரு பங்கு அதற்கானது.

உத்தரவாதத்தைச் சாக்காக வைத்து வெளிக் கராச்சை ஒதுக்குவது உலகெங்கும் வழக்குக்கு வந்த விடயம். அமெரிக்காவில் 1975இன் மக்னுசன் – மொஸ் சட்டம், ஏஜென்டிடம் காசு கொடுத்துத் திருத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார்க் கொம்பனிகளுக்குச் சுமார் 2,545 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிக் கராச்சுகளுக்குக் கிடைக்காமற் செய்தார்கள் என்பதே குற்றம்.

கருவி என்ற சொல்தான் அடுத்த காலகட்டத்தின் பிரச்சினை. 2010களில் பிரியஸ், அக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் வந்தபோது, காதால் கேட்டுப் பழுது சொல்லும் கைவரிசை போதவில்லை, ஸ்கேனர் வேண்டியிருந்தது. அதை வாங்கிய கராச்சுகள் தனி வகுப்பாயின. ஹைபிரிட் பற்றரி பலவீனமானால் முழுப் பொதியையும் மாற்றுவது ஏஜென்டின் வழி. கெட்ட செல் தொகுதியை மட்டும் தேடி மாற்றுவது கராச்சின் வழி. செலவு பெரிதும் குறையும். மற்றச் செல்களும் அதே வயதுடையவை என்பதால், எஞ்சியவை எப்போது போகும் என்பதற்கு உறுதி கிடையாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது சாமான் விலையும் கூடவே ஏறியது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வண்டிகள் திருத்தத்துக்கும் காசில்லாமல் நின்றன. ஸ்லீவ் இறக்குவதும் புஷ் கடைவதும் மீண்டும் கணக்குக்குக் கட்டுப்படியாகும் வேலைகளாயின. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டதும் மின்கார்களும் சேர்ந்து வரத் தொடங்கின. அவற்றின் பற்றரியும் மென்பொருளும் உத்தரவாதத்தோடு கொம்பனியிடம் இருக்கின்றன. டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், உப்புக்காற்று தின்ற தகடு ஆகியவை கராச்சுக்கு வருகின்றன.