தீப்பெட்டித் தொழிற்சாலை முதல் மன அழுத்தம் வரை: தொழிலிடப் பாதுகாப்பு வென்றெடுக்கப்பட்ட வரலாறு

பிரித்தானியாவிலே தொழில் புரியும் எம்மவர் பலரிடம் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. பாரம் தூக்கி முதுகு வலித்தாலும் அவர்கள் சொல்வதில்லை. தொடர்ந்து இரவு வேலை செய்து உறக்கம் கெட்டாலும் சொல்வதில்லை. முகாமையாளரின் ஏச்சுக்கு அஞ்சி, வேலைக்குப் புறப்படும் போதே நெஞ்சு படபடத்தாலும் சொல்வதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். ஊரிலுள்ள உறவுகளையும் இங்குள்ள பிள்ளைகளையும் தாங்க வேண்டியவர்களுக்கு அந்த அச்சம் எழுவது இயல்பே.

ஆயினும் இது எமக்கு மட்டும் உரிய அச்சமன்று. இதே இலண்டன் மாநகரிலே, ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர், ஏழைப் பெண்கள் பலர் இதே அச்சத்தினால் தமது நோயை மறைத்து வாழ்ந்தனர். அவர்கள் வாய் திறந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நன்று.

தீக்குச்சிப் பெண்கள்

கிழக்கு இலண்டனில் 'போ' என்னும் பகுதியிலே 'பிறையன்ட் அன் மே' கம்பனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலை செய்தோரில் பெரும்பாலானோர் பெண்களும் சிறுமியருமே. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தோர் அவர்களிடையே பலர். காலையிலிருந்து மாலை வரை நின்றபடி வேலை. வாரக் கூலியோ சிறுமியருக்கு நான்கு சிலிங் அளவே. அதிலும், பேசினால் அபராதம், காலில் அழுக்கிருந்தால் அபராதம், பிந்தி வந்தால் அபராதம் எனப் பிடித்துக்கொண்டனர். இயந்திரத்தில் சிக்கவிருந்த தன் விரல்களைக் காப்பாற்ற முயன்ற ஒரு பெண்ணுக்கு, இயந்திரத்தின் வேலையைக் கெடுத்தாள் என்று ஒரு சிலிங் அபராதம் விதிக்கப்பட்டது.

இவற்றினும் கொடியது வெண்பொசுபரசு. தீக்குச்சியின் முனைக்குப் பயன்பட்ட இந்த நச்சுப் பொருளின் ஆவி, பழுதடைந்த பற்களின் வழியாகத் தாடை எலும்பைச் சென்றடைந்து அதனை அரித்துவிடும். முதலில் பல்வலி, பின்னர் வீக்கம், அதன்பின் சீழ். முற்றினால் தாடையையே அகற்ற நேரும். உயிரிழந்தோரும் உண்டு. பல்வலி என்று சொன்ன பெண்ணுக்குப் பல்லைப் பிடுங்கு, அல்லது வேலையை விட்டு நில் என்பதே கம்பனியின் பதிலாயிருந்தது. ஆகவே வலித்தவர்கள் வலியை மறைத்தனர்.

1888ஆம் ஆண்டு யூன் 23ஆம் திகதி, அன்னி பெசன்ட் அம்மையார் தமது 'லிங்க்' பத்திரிகையில் இத்தொழிற்சாலையின் நிலையை அம்பலப்படுத்தினார். சீற்றங்கொண்ட நிர்வாகம், கட்டுரையில் உள்ளது பொய் என்று எழுதிக் கையொப்பமிடும்படி பெண்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டதும், யூலை மாதத் தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியேறினர். பாராளுமன்ற உறுப்பினர்களையும் சந்தித்துத் தம் குறைகளைக் கூறினர். இலண்டன் தொழிற்சங்கப் பேரவை இடைநின்று பேசியது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கம்பனி இறங்கி வந்தது. அபராதங்கள் நீங்கின. உணவிலே நஞ்சு படாதவாறு தனியான உணவறைக்கும் இணக்கம் காணப்பட்டது. அம்மாத இறுதிக்குள் அப்பெண்கள் தமக்கெனத் தொழிற்சங்கமும் அமைத்துக்கொண்டனர்.

எனினும் வெற்றி முழுமையானதன்று. வெண்பொசுபரசு தொழிற்சாலையை விட்டு நீங்கவில்லை. தாடை நோய்க்கு ஆளானோர் பற்றி அறிவிக்காது மறைத்தமைக்காக 1898இல் கம்பனி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது. 1901இலேயே அது வெண்பொசுபரசைக் கைவிட்டது. 1906இல் பேர்ண் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1908இல் பிரித்தானியா அதனைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. வேலைநிறுத்தத்திலிருந்து சட்டம் வரை இருபது ஆண்டுகள் சென்றன. அக்கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக உள்ளது. 2022இல் அங்கே இப்போராட்டத்தின் நினைவாக நீலப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது.

அன்னி பெசன்ட் அம்மையாரை எம்மவர் நன்கறிவர். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரமஞான சபைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அவருடன் பணியாற்றிய பி. பி. வாடியா, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளரே அதன் ஆணிவேர். அதுவரை தமிழாசிரியராயும் பத்திரிகையாசிரியராயும் விளங்கிய திரு. வி. க. அச்சங்கத்துக்குத் தோள் கொடுத்தார். இந்தியாவின் முதலாவது ஒழுங்கமைந்த தொழிற்சங்கமாக அது போற்றப்படுகிறது.

சட்டமும் பிரதிநிதியும்

பிரித்தானியாவில் 1974இல் நிறைவேறிய தொழிலிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் ஒரு திருப்புமுனையாகும். அதற்கு முன்னிருந்த சட்டங்கள் சுரங்கம், ஆலை, கடை எனத் தனித்தனியே பிரிந்து கிடந்தன. நியாயமான அளவில் இயன்றவரை ஊழியரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேணுவது எல்லா முதலாளிமாருக்கும் உரிய கடமை என்று இச்சட்டம் விதித்தது.

ஆனால் கடமையை ஏட்டில் எழுதிவிட்டால் போதுமா? அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாகவே 1978 ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகள் பாதுகாப்புப் பிரதிநிதி என்னும் பதவியை ஏற்படுத்தின. தொழிற்சங்கம் நியமிக்கும் இப்பிரதிநிதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைத்தலத்தைப் பரிசோதிக்கலாம். தொழிலாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கலாம். சம்பளத்துடன் நேரம் பெற்றுப் பயிற்சிக்குச் செல்லலாம். இருவர் எழுத்தில் கேட்டால் முதலாளி பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தே ஆக வேண்டும். ஆனால் இவ்வுரிமைகள் யாவும் முதலாளி அங்கீகரித்த சங்கத்துக்கே உரியன.

அந்த அங்கீகாரத்துக்காகவே வடமேற்கு இலண்டனில் ஆசியத் தொழிலாளர் பெரும் போராட்டம் ஒன்றை நடத்தினர். கிறன்விக் புகைப்படக் கம்பனியில் 1976 ஓகஸ்டில், கொடுங் கோடையிலே, கட்டாய மேலதிக நேர வேலையை எதிர்த்து ஜெயாபென் தேசாய் அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் வெளியேறினர். மலசலகூடத்துக்குச் செல்லவும் அனுமதி கேட்க வேண்டிய இடம் அது. கிழக்காபிரிக்காவிலிருந்து வந்து குடியேறியோர் அவர்களிற் பலர். ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை அவர்களை மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படி பரிந்துரைத்தும் கம்பனி மறுத்தது. 1978 யூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. இருந்தும், சேலை உடுத்த ஆசியப் பெண்கள் அடங்கிப் போவார்கள் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது. அவர்களுக்காக ஆயிரக்கணக்கான வெள்ளையினத் தொழிலாளரும் மறியலில் வந்து நின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

இயந்திரத்தில் சிக்கிய விரலை எவரும் காணலாம். மனத்தில் ஏற்படும் காயத்தைக் காண்பது எவ்வாறு? நோதம்பலாந்து மாவட்ட நிர்வாகத்தில் சமூகசேவை அதிகாரி ஒருவர் அளவுக்கு மிஞ்சிய வேலைப்பளுவினால் 1986இல் மனம் உடைந்து நோயுற்றார். குணமடைந்து திரும்பியபோது அவருக்கு உறுதியளிக்கப்பட்ட உதவி நீடிக்கவில்லை. 1987இல் மீண்டும் வீழ்ந்தார். பின்னர் வேலையையும் இழந்தார். தொழிற்சங்கத்தின் துணையுடன் அவர் தொடுத்த வழக்கில், இரண்டாவது முறை நேர்ந்த பாதிப்புக்கு நிர்வாகமே பொறுப்பு என்று 1994இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996இல் 1,75,000 பவுண் நட்டஈட்டுடன் வழக்கு முடிவுற்றது.

இவ்வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் நோய்க்கு நிர்வாகம் பொறுப்பாக்கப்படவில்லை. அது முன்கூட்டியே அறியக்கூடியதாய் இருக்கவில்லை என்பது நீதிபதியின் முடிவு. 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. மாறான அறிகுறி தெரியாத வரையில், வழமையான வேலைப்பளுவை ஊழியர் தாங்குவார் என முதலாளி கருதிக்கொள்ளலாம் என்றது. வாய் திறவாமல் தாங்குபவரின் வழக்கே பலவீனமாகிவிடுகிறது.

2004இல் அரசின் சுகாதார, பாதுகாப்பு நிறுவனம் மன அழுத்தம் தொடர்பாக ஆறு அம்சங்களை வகுத்தது. வேலைப்பளு, வேலையின் மீது ஊழியருக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியருடனான உறவு, பொறுப்பின் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் முறை என்பனவே அவை. வேலைத்தலத்தில் மன அழுத்தம் எங்கே எழுகின்றது என்று விசாரிப்பதற்குப் பிரதிநிதிகளின் கையில் இது நல்லதோர் அளவுகோல்.

எம்மவர் செய்யத்தக்கது

தொழிற்சங்கத்தில் சேர்வது ஒவ்வொரு தொழிலாளிக்கும் உள்ள சட்ட உரிமை. முதலாளி சங்கத்தை அங்கீகரிக்காவிடினும், ஒழுக்காற்று விசாரணைக்கோ முறைப்பாட்டு விசாரணைக்கோ அழைக்கப்பட்டால் சங்க அதிகாரி ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்ல 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பாதுகாப்புக் குறையைச் சுட்டிக்காட்டியதற்காக ஒருவரைப் பழிவாங்குவதையும் சட்டம் தடுக்கிறது.

ஆகவே வலியோ மன உளைச்சலோ தோன்றினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். முகாமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைத் திகதியுடன் பாதுகாத்து வையுங்கள். ஆங்கிலம் இடர்ப்பட்டால் வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். தனியே சொல்ல அஞ்சினால் சங்கப் பிரதிநிதியைத் தேடுங்கள். தனியொருவர் சொல்ல அஞ்சுவதைப் பலர் சேர்ந்து சொல்வதற்கே சங்கம் இருக்கிறது. எழுத்தறிவு குறைந்த தீக்குச்சிப் பெண்களுக்கு இயன்றது, கல்வியைக் கண்ணெனப் போற்றும் எம் சமூகத்துக்கு இயலாததன்று.