ஓலையும் உரிமையும்

பணமில்லாத பள்ளிக்கூடத்தைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. கட்டிடமும் கருவிகளும் நிறைந்தாலன்றிக் கல்வி நடவாது என்பது ஒன்று. நல்லாசிரியன் ஒருவன் வாய்த்தாற் போதும், மரநிழலும் மணலுமே பள்ளிக்கூடமாகிவிடும் என்பது மற்றொன்று. முன்னது சோம்பலுக்குச் சாட்டாகிறது. பின்னது ஆட்சியாளரின் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாகிறது. இவ்விரண்டையும் உரைத்துப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாறு தக்கதோர் உரைகல்லாகும். விலையற்ற கருவிகளைக் கொண்டே தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த மண் இது. விலையற்ற அக்கருவிகளைப் பலர் கைக்கு எட்டாமற் காத்து நின்ற மண்ணும் இதுவே.

ஐரோப்பியர் தம் பாடசாலைகளை நிறுவுமுன்னரும், நிறுவிய பின்னர் நெடுங்காலமும், குடாநாட்டுக் கிராமங்களிற் கல்வி திண்ணையில் நடந்தது. தமிழகத்திற் சட்டாம்பிள்ளை என்ற சொல் ஆசிரியருக்கு உதவிய மூத்த மாணவனைக் குறித்தது. யாழ்ப்பாணத்திலோ சட்டம்பியார் என்றால் ஆசிரியரே. அவருக்குரிய ஊதியம் பெரும்பாலும் நெல்லாகவும் காய்கறியாகவும் மாணவரின் கையுழைப்பாகவும் வந்து சேர்ந்தது. பள்ளியின் தளபாடம் பரப்பிய மணல். ஏடு தொடக்கிய பிள்ளை அதிலே விரலால் எழுதி எழுத்துப் பழகியது. கை திருந்திய பின் பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. ஓலையை உலர்த்தி, வேகவைத்து, நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பர். எழுத்தாணி கீறிய தடம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும்படி அதன்மேற் கரியோ பச்சிலைச் சாறோ தடவுவர். எண்ணப் பழகுவதற்குப் புளியங்கொட்டை இருந்தது, ஈர்க்கு இருந்தது. கணக்குக்கு எண்சுவடி, மொழிக்கும் ஒழுக்கத்துக்கும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும், அதற்குமேற் செல்வோர்க்கு நிகண்டு.

இக்கருவிகள் கற்பிக்கும் முறையையும் தாமே வகுத்தன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். மணலில் எழுதியது அடுத்த கணம் அழிந்துபோகும். ஆகவே பிள்ளையின் நினைவே பிள்ளையின் புத்தகமாயிற்று. ஓலையிற் புள்ளியிட்டால் அது கிழியக்கூடும் என்பதாற் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவனே இடமறிந்து கொள்ளவேண்டும். அதற்கும் மனப்பாடமே துணை. ‘நெட்டுரு’ என்று நாம் இன்று பழிக்கும் பழக்கத்துக்கு மூடத்தனம் ஒன்றே காரணமன்று. தாளில்லாத சமுதாயம் அறிவைப் பாதுகாத்த வழி அது. ஆனால் தாளும் அச்சும் வந்த பின்னரும் அவ்வழக்கத்தையே கல்வியென்று போற்றியது தனிக் கதை. கருவி மாறிற்று, முறை மாறவில்லை.

இத்திண்ணை மணலுக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அயலில் நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியிற் கையாண்டதோடு, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறு நூல் அதனை ‘சென்னை முறை’ என்று புகழ்பெறச் செய்தது. 1798இல் இலண்டனிற் பள்ளி தொடங்கிய யோசேப்பு லங்காஸ்டரும் இவ்வழியே சென்றார். ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மணற்பலகைகள் என்ற அமைப்பு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவிற்று.

நம் முன்னோரின் முறையை வெள்ளையர் கற்றுக்கொண்டனர் என்று இதில் மகிழ்ந்துவிடுவது எளிது. ஆனால் அங்கு மணற்பலகை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அன்று. ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு. ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவு மிகுந்த கல்வி வேண்டியதில்லை, அவர்கள் எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிப்பதும் அவசியமில்லை என்ற கருத்தையே பெல் கொண்டிருந்தார். மலிவான கருவி ஏழைக்குக் கல்விக் கதவைத் திறக்கலாம். ஏழைக்கு இவ்வளவே போதும் என்று அதே கதவை இழுத்தும் மூடலாம். கருவி ஒன்றே, அதைக் கையாளும் வர்க்கத்தின் நோக்கமே வேறு.

இந்த உண்மை யாழ்ப்பாணத்தில் இன்னும் கடுமையான உருவம் கொண்டது. ஓலை பனையிலிருந்து வருகிறது. பனை தானே குனிந்து ஓலையைத் தருவதில்லை. ஓங்கிய மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறி ஓலை வெட்டி இறக்கியவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மரமேறும் தொழிலாளர். ஏடாகிய ஓலை அவர்கள் உழைப்பின் பயன். ஆயினும் அந்த ஏட்டிற் கைவைத்து எழுதும் உரிமை அவர்கள் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. திண்ணை ஒருவரது வீட்டின் திண்ணை. அத்திண்ணையில் ஏற முடியாதவர்க்கு அங்கே பரப்பிய மணலும் எட்டாது. பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கே காணப்படவில்லை. பணம் தடையாக இருந்திருந்தால் அதை எப்பாடுபட்டாவது தேடியிருக்கலாம். விலையற்ற மணலுக்கு முன்னே நின்ற தடையைப் பணத்தால் நீக்க வழியில்லை.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் காலூன்றினர். மதமாற்றமே அவர்கள் நோக்கமாயினும், கல்வியைக் கருவியாகக் கொண்டமையால் ஊர்தோறும் ஓலை வேய்ந்த பள்ளிக் கொட்டில்கள் எழுந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தோன்றின. புத்தகம் மலிய வேண்டுமானால் அச்சியந்திரம் வேண்டும். 1820இல் அச்சுத் தொழிலறிந்த அமெரிக்கர் ஒருவர் வந்து சேர்ந்தபோது தேசாதிபதி பான்ஸ் அவரைத் தங்க விடவில்லை. அதனால் 1830களிலேதான் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கிற்று. 1841இல் ‘உதயதாரகை’ இதழும், 1842இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன.

மிஷனரிமாரின் ஆயுதத்தைக் கொண்டே அவர்களை எதிர்த்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பிள்ளைகளுக்கென எளிய உரைநடையிற் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். ஆசிரியரிடம் ஒரே ஓலைச் சுவடியும் மாணவரிடம் மனப்பாடமும் என்றிருந்த நிலை மாறி, பிள்ளை தன் கையில் வைத்துத் தானே படிக்கும் புத்தகம் உருவாயிற்று. தமிழ்க் கல்வி வரலாற்றில் இது பெரும் பாய்ச்சல் என்பதை முற்போக்காளர் மறுக்க வேண்டியதில்லை. அதே நாவலர் சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தோடு பிணைத்தே போதித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அச்சு புத்தகத்தை மலிவாக்கியது. மனிதரைச் சமமாக்கும் பணியை அது தானாகச் செய்யவில்லை.

அப்பணி இருபதாம் நூற்றாண்டிற் பள்ளியின் வாங்கிலே வந்து முட்டிற்று. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் பலவற்றில் அப்பிள்ளைகள் நிலத்திலே இருந்தனர். மற்றையோர் வாங்கிலே இருந்தனர். ஒரு துண்டுப் பலகை! பாடசாலைத் தளபாடங்களுள் அதைவிட எளிய பொருள் இல்லை. ஆயினும் 1920களின் இறுதியில், அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது குடாநாடு கொந்தளித்தது. அப்பணிப்பை மீளப்பெறுமாறு விண்ணப்பங்கள் பறந்தன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பலகைக்காகவா தீ வைத்தார்கள்? பலகையில் ஒன்றாயிருந்த பிள்ளைகள் நாளை வயலிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் சமத்துவம் கேட்பர் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1924இல் தோன்றி, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப்பட்டது, தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தியையும் சம ஆசனத்தையும் வற்புறுத்தியது இச்சூழலிலேயாகும். அதில் முன்னின்றோருட் பலர் ஆசிரியர்கள் என்பதை நம் ஆசிரியத் தோழர்கள் நினைவிற் கொள்வாராக.

அதன் பின்னரே சட்டங்கள் வந்தன. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயராற் பொது இடங்களிலும் பாடசாலைகளிலும் ஒதுக்குவதைக் குற்றமாக்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. 1980இலிருந்து பாடநூல்களும் 1993இலிருந்து சீருடையும் இலவசமாயின. இவற்றில் எதுவும் ஆசிரியரின் சிக்கனத்தால் விளைந்ததன்று. மக்கள் போராடியும் வாக்களித்தும் வலியுறுத்தியும் பொதுப் பணத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பியதன் விளைவு அது.

ஆயினும் பொதுப் பணத்தைக் கையில் வைத்திருந்த அரசே பின்னர் இம்மண்ணின் கல்வியை நெரித்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1990இலிருந்து பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. மாணவர் ஜாம் போத்தலிற் சிறிதளவு எண்ணெயும் திரியும் இட்டுச் செய்த விளக்கின் ஒளியிற் பரீட்சைக்குப் படித்தனர். செய்தித்தாள்களே அகப்பட்ட தாளில், கோடிட்ட கொப்பித் தாளிலுங்கூட, அச்சாகின. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பாடசாலைகள் ஆண்டுக்கணக்காக அயலூர்க் கொட்டில்களில் இயங்கின. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றபோது வகுப்புக்கள் மரங்களின் கீழ் நடந்தன. இந்த விடாமுயற்சியைப் போற்றுவது நம் கடமை. ஆனால் போத்தல் விளக்கைப் போற்றும் நாவு, மின்சாரத்தை நிறுத்தியவர் யார் என்று கேட்கவும் மறத்தல் ஆகாது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாடு முழுவதுமே ஒரு பாடம் கற்றது. தாளில்லாமையால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொப்பியின் விலை பெற்றோரை அஞ்சச் செய்தது. அத்தகைய வேளையில் மணற்தட்டும் ஈர்க்குக்கட்டும் மீண்டும் நம் உதவிக்கு வரக்கூடியவை. பத்து ஈர்க்கைக் கட்டாக்கி ஒன்றையும் பத்தையும் விளக்கினால், அச்சிட்ட படத்தைவிட அது தெளிவாகப் பதியும். பிள்ளை தன் கையாலே கட்டி அவிழ்ப்பதால் இடப்பெறுமானம் அதற்கு அனுபவமாகிறது. மணற்தட்டில் எழுதும் பிள்ளை பிழைக்கு அஞ்சுவதில்லை; பிழை ஒரு தடவலில் மறைகிறது. பழைய நாட்காட்டியின் பின்புறம் எழுத்தட்டையாகும். வளவிலுள்ள இலைகள் அறிவியற் பாடமாகும். ஊர்ச் சந்தையின் விலைப் பட்டியல் கணக்குப் பாடமாகும். மூத்தவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையும், ஆசிரியரைக் குறைப்பதற்காக அன்றி இருவரும் வளர்வதற்காகக் கையாளப்படுமாயின், நன்முறையே.

ஆனால் ஒன்று. இன்று குடாநாட்டிற் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. அவற்றின் வழியே கணினியும் மண்டபமும் வருகின்றன. அயலிலே, கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் சிறு பாடசாலைக்கு அத்தகைய உறவினர் இல்லை. ஒரு பாடசாலைக்கு ஒளித்திரையும் மற்றொன்றுக்கு ஈர்க்குக்கட்டும் என்று நிலைபெறுமானால், பழைய வாங்கும் நிலமுமே புதுப்பெயரோடு திரும்பிவந்திருக்கின்றன என்று பொருள். ஈர்க்கு எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கட்டும்; கணினியும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கட்டும்.

ஆகவே சிக்கனமான கருவியைத் தேடும் ஆசிரியர் இரு கணக்குகளை எழுதிவர வேண்டும். என் வகுப்பில் நான் இல்லாமையைக் கொண்டு எதைச் செய்தேன் என்பது ஒன்று. எதைச் செய்யும் கடமையிலிருந்து அரசையும் சமுதாயத்தையும் நான் விடுவிக்கவில்லை என்பது மற்றொன்று. முதற் கணக்கு வகுப்பறையிலே இருக்கட்டும். இரண்டாவது கணக்கு ஆசிரியர் சங்கத்தின் மேசைக்கும், பெற்றோர் கூட்டத்துக்கும், கல்விப் பணிமனைக்கும் செல்லட்டும். ஓலை வெட்டியவனின் பிள்ளைக்கு எழுத்தைப் பெற்றுத் தந்தது இரண்டாவது கணக்கை எழுதத் துணிந்தவர்களின் போராட்டமே.