பெர்ஜர் என்னும் பெயர்

கடைத்தெருவில் 'பெர்ஜர் பெயின்ட்ஸ்' என்ற பலகையைக் கடக்கும் நாம், யார் இந்தப் பெர்ஜர் என்று கேட்பதில்லை. அவர் அப்பெயருடன் பிறந்தவரல்லர் என்பதே முதல் வேடிக்கை. ஜெர்மானியரான லூயி ஸ்டைகன்பெர்கர், பிராங்ஃபர்ட்டிலிருந்து 1760-இல் இலண்டனுக்கு வந்து தம் பெயரை லூயிஸ் பெர்ஜர் எனச் சுருக்கிக்கொண்டார்.

அவர் செய்து விற்றது பிரஷ்ய நீலம். உலர்ந்த மாட்டிரத்தத்தைப் பொட்டாஷ் உப்புடன் எரித்து, அக்கரியை நீரில் கரைத்து வடித்து, அன்னபேதியும் படிகாரமும் சேர்ப்பது அக்கால முறை. பச்சையாய்ப் படிவதில் அமிலம் வார்த்தால் நீலம் பிறக்கும். செங்குருதியிலிருந்து நீலம்! கல்லை அரைத்தெடுத்த விலையுயர்ந்த நீலத்திற்கு ஓவியர்கள் கண்ட மலிவான மாற்று இதுவே.

பெர்ஜருக்குப்பின் மக்கள் தொழிலை நடத்தினர். 1905-இல் அது அமெரிக்க ஷெர்வின்-வில்லியம்ஸ் வசமாயிற்று.

நாம் அறிந்த இந்திய நிறுவனமோ பெர்ஜர் குடும்பம் கட்டியதன்று. கல்கத்தாவில் 1923-இல் 'ஹாட்ஃபீல்ட்ஸ்' எனத் தொடங்கி, 1947-இல் 'பிரிட்டிஷ் பெயின்ட்ஸ்' ஆகி, பல கை மாறி, 1983-இல்தான் பெர்ஜர் என்றாயிற்று. 1991-இல் அதை விஜய் மல்லையாவிடமிருந்து வாங்கியவர்கள் குல்தீப் சிங் திங்ரா, குர்பசன் சிங் திங்ரா என்னும் சகோதரர்கள். அவர்தம் குடும்பம் 1898-இல் அமிர்தசரஸில் கடை திறந்து வண்ணம் விற்ற குடும்பம். வாங்கியவர் தம் பெயரைப் பொறித்திருக்கலாம், பொறிக்கவில்லை. இதை அடக்கம் என்பதைவிட வணிகக் கணக்கு என்றே நாம் கருதுகிறோம். சுவர் வண்ணமாயினும் மரத்துக்கான மெருகாயினும், டப்பாவில் இருப்பது ஸ்டைகன்பெர்கரின் சுருங்கிய பெயர்தான்.